ஆறு பாட்டில் வாய் கொப்பளிக்கும் மருந்து

திருடத் தெரியாதவன் திருடுவதைப் பார்க்க வேண்டுமானால் எங்கள் ஹாலுக்கு வர வேண்டும்.

சுற்றுலாக் கப்பலுக்குப் போகிற பெட்டிகளைச் சோதிக்கிற ஹால் அது. ஒரு பக்கம் பெட்டிகள் பெல்ட்டில் வரும், மெஷினுக்குள் போகும், மறுபக்கம் கப்பலுக்குப் போகும். நடுவில் நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கத்தி, கொளுத்துகிற சாமான் எல்லாம் எப்போதாவது ஒன்று மாட்டும். தினமும் மாட்டுவது பாட்டில்தான். கம்பெனி விதி, வெளியிலிருந்து யாரும் குடிக்க எதுவும் கொண்டுவரக் கூடாது. மது கூடவே கூடாது. தண்ணீரைக்கூடப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரக் கூடாது. டிக்கெட்டிலேயே தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகுதான் நம் ஜனங்களுக்கு மூளையே வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

ரொட்டியைக் குடைந்து உள்ளே பாட்டில் வைத்து வருவான் ஒருத்தன். தூரத்தைப் பார்க்கிற பைனாகுலர் என்பான் இன்னொருத்தன். திருகினால் ரெண்டு கண்ணிலும் ரம் இருக்கும். கைக்குழந்தையின் டயப்பர் கட்டுக்கு நடுவே விஸ்கி வைத்திருந்த தாத்தா ஒருவர், குழந்தையே கூட வரவில்லை என்பதை மறந்துவிட்டார். பிடித்தால் எல்லாரும் ஒரே மாதிரி முழிப்பார்கள். ‘அட, இது எப்படி வந்துச்சு?’ என்பார்கள். பாட்டிலுக்குக் கால் முளைத்து வந்து படுத்துக்கொண்ட மாதிரி.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவரும் குடித்தார். கூலி வாங்குவார், கடைக்குப் போவார், நின்றுகொண்டே குடிப்பார், வழியில் எங்காவது விழுவார். ஒளித்து வைக்க அவருக்கு இடமும் கிடையாது, அவசியமும் கிடையாது. உயிரோடு இருந்தவரை அவரை நான் மதித்ததில்லை. இந்த ஹாலுக்கு வந்த பிறகுதான் அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அன்றைக்கு ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. புதுப் பெட்டி. திரையில் பார்த்தால் புடவைகளுக்கு நடுவே ஆறு பாட்டில் வரிசையாகப் படுத்திருந்தன. திறந்து பார்த்தேன். வாய் கொப்பளிக்கிற பச்சை மருந்து. ஆறும் ஒரே சைஸ், பெரியது. ஊரில் இருக்கிற முதலைக்கெல்லாம் பல் விளக்கினாலும் ஒரு பாட்டில் மிச்சமாகும். ஒன்றை எடுத்துக் குலுக்கினேன். மருந்தாக இருந்தால் நுரை நிற்கும். இது நுரைத்த வேகத்தில் அடங்கிவிட்டது. மூடியைத் திறந்தேன். மோந்து பார்க்கத் தேவையில்லை. பக்கத்தில் நின்றிருந்த பெட்டி தூக்குகிறவனே திரும்பிப் பார்த்தான்.

பெட்டியில் கட்டியிருந்த அட்டையில் ஒரு பெண்ணின் பெயர். மைக்கில் கூப்பிடச் சொன்னேன்.

வந்தது ரெண்டு பேர். முன்னால் வந்தவள் ஐம்பதை ஒட்டிய பெண், கழுத்தில் கப்பல் அறையின் சாவி அட்டை தொங்கியது. கைவிரல்கள் ப்ளீச்சில் வெந்து தோல் உரிந்திருந்தன. லாண்டரிக் கை. என் சித்தி ஆஸ்பத்திரித் துணி துவைத்தவள், அந்தக் கை எனக்குத் தெரியும். பின்னால் வந்தது புருஷன். தொப்பி, பூப்போட்ட சட்டை, கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றவில்லை.

“இது உங்க பெட்டியாம்மா?”

“ஆமா. ஏன், என்ன ஆச்சு?”

பாட்டில்களை மேஜைமேல் எடுத்து வைத்தேன். அவள் பார்த்தாள். புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. புருஷன்தான் முந்திக்கொண்டான்.

“அது மருந்துங்க. இவளுக்கு வாய் கொஞ்சம்... டாக்டர் சொல்லியிருக்கார்.” மூக்குக்கு முன்னால் கையை விசிறிக் காட்டினான்.

பொண்டாட்டியின் பெட்டியில் வைத்தது ஒன்று. மாட்டியதும் பொண்டாட்டியின் வாயில் பழியைப் போட்டது ரெண்டு. இந்த ஹாலில் பலரைப் பார்த்திருக்கிறேன், இத்தனை வேகத்தில் யாரும் இறங்கியதில்லை.

அவள் மெதுவாகத் திரும்பினாள். “எனக்கா? எனக்கா வாய் நாறுது?”

“இல்லடி, சும்மா ஒரு பேச்சுக்கு...”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து மூக்கைப் பொத்திக்கிட்டுப் படுக்கிறது யாரு? நீங்களா, நானா?”

திறந்த பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன். குனியக்கூட இல்லை, நின்ற இடத்திலேயே வாடை எட்டிவிட்டது. பிறகு என்னிடம் பேசினாள். அவனிடம் பேசினால் குரல் உயரும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“லாண்டரி நடத்தறேம்மா. இவர் கான்ட்ராக்டர். அப்படித்தான் சொல்லிக்கிறார். எந்தக் கட்டடம்னு நான் கேட்டதில்ல. போன மாசம் நான் வீட்டை விட்டுக் கிளம்பிட்டேன், என் தம்பி வீட்டுக்கு. வந்து கால்ல விழுந்தார். சரி, ஏழு நாள், ஒரு சொட்டு தொடாம என் கண்ணு முன்னால இருங்க, இருந்தீங்கன்னா திரும்பி வர்றேன், இல்லேன்னா இதோட விட்டுடுங்கன்னு சொன்னேன். வீட்டுல இருந்தா தெருவுக்கு நாலு கடை. அதான் கப்பல்.”

“கப்பலா?” என்றேன்.

“மது அனுமதி இல்லைன்னு டிக்கெட்லயே போட்டிருக்காங்களே. அதைப் பார்த்துத்தான் இந்தக் கப்பலையே புடிச்சேன். நடுக்கடல்ல எங்க போய் வாங்குவார்?”

“அதானேடி நானும் பயந்து...” என்றான் புருஷன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரெண்டு பேரும் ஒரே வரியைப் படித்து ஒரே மாதிரி ஏமாந்திருக்கிறார்கள். அவள் நம்பிக்கையோடு டிக்கெட் வாங்கியிருக்கிறாள், அவன் பயந்துபோய்ச் சாயம் கலக்கியிருக்கிறான். எங்கள் கம்பெனி எதற்காக அந்த வரியைப் போட்டது என்று ரெண்டு பேருக்கும் தெரியாது.

அந்த நேரம் பார்த்துக் கொள்கை வந்து சேர்ந்தார். எங்கள் சூப்பர்வைசர். எதைக் கேட்டாலும் ‘கம்பெனி கொள்கை’ என்பார், அதனால் அந்தப் பெயர். யூனிபாரத்துக்குள் காற்றடித்த மாதிரி நடப்பார். இந்த ஆள் இப்போது வாயைத் திறக்கக் கூடாதே என்று நினைத்தேன். நினைத்தால் மட்டும் நடந்துவிடுமா?

“என்னம்மா பிரச்சினை?”

“ஒண்ணுமில்ல சார், ஊத்தச் சொல்லி அனுப்பிடறேன்” என்றேன் அவசரமாக.

லாண்டரிக்காரி விடவில்லை. “சார், ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க. இதை ஊத்திட்டா அதோட முடிஞ்சுதில்ல? கப்பல்ல இந்தக் கருமம் எதுவும் கிடைக்காதில்ல?”

கொள்கையின் முகத்தில் அவமானம் தெரிந்தது. தன் வீட்டில் சோறு இல்லை என்று யாரோ சொன்ன மாதிரி.

“யாரும்மா சொன்னது? நம்ம கப்பல்லயா? நீச்சல் குளத்துக்குள்ள ஒரு பார், தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டே குடிக்கலாம். தியேட்டர் வாசல்ல ஒண்ணு. மேல் தளத்துல ஒண்ணு, லிஃப்ட் பக்கத்துல ஒண்ணு. விடிய விடியத் திறந்திருக்கும். வெளியிலேருந்து கொண்டுவராதேன்னா உள்ளே வந்து வாங்கிக் குடின்னு அர்த்தம். கம்பெனி கொள்கை.”

புருஷன் கண்ணாடியைக் கழற்றினான்.

அந்த முகத்தை நான் என்ன சொல்ல? தூக்குத் தண்டனைக்காரனுக்கு விடுதலை என்று சொன்னால்கூட அப்படி மலராது. அரை நொடிதான். உடனே அடக்கி, வருத்தப்பட்ட முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டான். ஆனால் அந்த அரை நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

“ஊத்திடறேங்க. தப்புதான், ஒத்துக்கறேன்” என்றான். “எங்க ஊத்தணும்?”

எங்கள் ஹாலில் நாங்கள் ஊற்றக் கூடாது. ஒரு காலத்தில் நாங்கள்தான் ஊற்றினோம். பாதி சிங்க்கிலும் பாதி எங்கள் வயிற்றிலும் போவதாகப் புகார் வந்தது. பொய்ப் புகார் என்று சொல்ல மாட்டேன். அதிலிருந்து, கொண்டுவந்தவர் தன் கையாலேயே ஊற்ற வேண்டும். சாதாரணமாக அதைப் பார்க்கச் சகிக்காது. சிலர் அழுவார்கள். ஒருத்தர் பாட்டிலை முத்தமிட்டார். இவனோ, ஒவ்வொன்றாகத் திறந்து கவிழ்த்தான், செடிக்குத் தண்ணீர் விடுகிற நிதானத்தில். முடித்ததும் குழாயைத் திறந்து ஆறு பாட்டிலையும் அலசினான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டுக்கூட முனகினான்.

“பார்த்தியா? சுத்தம்” என்றான் கையைத் துடைத்துக்கொண்டே. “வா, போலாம்.”

“நான் வரல.”

“என்னடி இது, எல்லாரும் பார்க்கிறாங்க.”

“பெட்டியை எடுங்க. வீட்டுக்குப் போலாம். இப்பவே என்கூட வந்தீங்கன்னா இந்தப் பாட்டிலையும் மறந்துடறேன், என் வாயைப் பத்திச் சொன்னதையும் மறந்துடறேன். ஏழு நாளை வீட்டுலயே இருந்து பார்ப்போம்.”

அவள் கெஞ்சவில்லை. துணிக்கு ரசீது போடுகிற குரலில்தான் சொன்னாள். ஆனால் ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள், விரல் வெளுத்திருந்தது.

அவன் கப்பல் பக்கம் பார்த்தான். அங்கே ஏறும் பாலத்தில் பேண்டு வாசித்தார்கள். இவளைப் பார்த்தான். மறுபடி பாலத்தைப் பார்த்தான்.

“டிக்கெட் வீணாப் போயிடுமேடி. நான் தொட மாட்டேன். சத்தியமா, உன் தலைமேல...” கையை நீட்டினான்.

அவள் தலையை நகர்த்திக்கொண்டாள். கை காற்றில் நின்றது.

“சார், நேரமாகுது” என்றார் கொள்கை.

“நீ கோவமா இருக்கே. ஒண்ணு பண்ணு, கோவம் தணிஞ்சதும் அடுத்த துறைமுகத்துல வந்து ஏறிக்க. நான் அறையைப் பார்த்துக்கறேன்.”

சொன்னான். என் காதால் கேட்டேன். அறையைப் பார்த்துக்கொள்கிறானாம், அறை எங்கேயோ ஓடிவிடப் போகிற மாதிரி. தன் கைப்பையைத் தோளில் மாட்டினான், தொப்பியைச் சரிசெய்தான், போனான். பாலத்தில் ஒரு பெண் பூங்கொத்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டான்.

கொள்கையிடம் கேட்டேன். “ஏமாத்திக் கொண்டுவந்தா ஏத்தக் கூடாதுன்னும் விதி இருக்கே சார்?”

“உனக்கு என்ன பைத்தியமா? ஒளிச்சுக் கொண்டுவர்ற அளவுக்குக் குடிக்கிறவனைக் கம்பெனி இறக்கிவிடுமா? அவன்தான் கப்பலுக்கு டீசல்.” தன் நகைச்சுவையைத் தானே ரசித்துக்கொண்டு நகர்ந்தார்.

எங்கள் ஹாலில் கப்பலுக்குப் போகத்தான் வழி உண்டு. திரும்பி வர வழி கிடையாது. குப்பை வண்டி போகிற பக்கக் கதவைத் திறந்து அவளைக் கூட்டிப்போனேன். சிவப்புப் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எனக்கு வராது, அவளும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்று, கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“ஏம்மா, உள்ளே குடிக்கிறதுக்குக் காசு எப்படிக் குடுப்பாங்க?”

“காசு வாங்க மாட்டாங்க. இந்த அட்டையைத்தான் தேய்க்கணும், அவர்கிட்டயும் ஒண்ணு இருக்கும். கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க பேங்க்ல போய் உக்காரும்.”

“கணக்கு என் பேர்ல. என் கார்டைத்தான் குடுத்தேன்.”

ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

“அவர்கிட்ட வேற பேங்க் கார்டு?”

“அவர்கிட்டயா? எப்பவோ புடுங்கி வெச்சுட்டேன். இந்தப் பச்சைத் தண்ணிகூட ஃப்ரெண்ட்ஸ் புண்ணியமா இருக்கும்.”

“நீங்க ஏறலைன்னு வெளி கவுண்டர்ல சொன்னா உங்க கணக்கை மூடிடுவாங்க” என்றேன். “அதுக்கு மேல எனக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்ல.”

அவள் யோசித்தாள். “சாப்பாடு?”

“டிக்கெட்லயே சேர்த்தி. தட்டுத் தட்டா தின்னலாம். தண்ணி, டீ எல்லாம் உண்டு.”

“பட்டினி கிடக்க மாட்டாரில்ல?”

“அதெல்லாம் மாட்டார்.”

“அப்ப சரி” என்றாள். பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கவுண்டரைப் பார்த்து நடந்தாள். வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற ஆள் பேசி முடிக்கும்வரை கைத்தோலை உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

நான் திரும்பி வந்து மிச்சப் பெட்டிகளைப் பார்த்தேன். கப்பல் ஊதியது. பாலத்தை எடுத்துவிட்டார்கள். தளத்தில் நின்று ஜனங்கள் கையசைத்தார்கள், யாருக்கு என்று தெரியாமலே. சிங்க்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கொள்கையின் போன் அடித்தது. கப்பலிலிருந்து.

“ஆமா... ஆமா, சொல்லுங்க... கார்டு வேலை செய்யலையா?... எந்த பார்ல?” கேட்டுக்கொண்டே இருந்தார். காற்றடித்த உடம்பு கொஞ்சம் இறங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அந்தத் தொப்பிக்காரர். இறங்கணுமாம்.”

“பாலத்தை எடுத்தாச்சே.”

“அதைத்தான் சொல்லிட்டு இருக்காங்க, கத்தறாராம்.” மறுபடி போனைக் காதில் வைத்தார், மறுபடி பொத்தினார். “இறங்க முடியாட்டி அந்த மருந்து பாட்டிலையாவது குடுத்து அனுப்ப முடியுமான்னு கேக்கறார். கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவிடற பைலட்டைக் கூட்டிவர ஒரு படகு போகுமில்ல, அதுலயாம். அடியில ஏதாவது மிச்சம் இருக்கா பாரு.”

ஆறு பாட்டிலும் சிங்க் ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன்.

“அவரே கழுவிட்டுத்தான் போனார்னு சொல்லுங்க.”