ரெண்டாம் மணிக்குச் சாப்பிட்ட மஃபின்

குவைத்திலிருந்து வந்த அடுத்த வாரமே ரெமிஜியஸ் அத்தான் தஞ்சாவூர் போய், புதிதாகத் திறந்திருந்த கண்ணாடிக் கதவு பேக்கரியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வாங்கி வந்தார். உள்ளே சாக்லேட் மஃபின்கள், காகிதப் பாவாடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஆஷ்லின் புதுநன்மைக்கு இதையே எல்லாப் பிள்ளைங்களுக்கும் குடுத்துரலாம். ஆர்டர் சொன்னா கொண்டாந்து தர்றாங்களாம்" என்றார்.

அக்கா அருள்மேரி விலைச்சீட்டைப் பார்த்தாள். "ஒண்ணோட விலைக்கு ஒரு வேளைச் சோத்தரிசி வாங்கிரலாங்க. அதுவும் இந்த மொட்டைக் கேக்கு! மேல ஒரு ரோசாப்பூகூட இல்ல."

நான் பெட்டியைத் திருப்பினேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சடித்திருந்தது, புனிதர்களின் மன்றாட்டுமாலையைவிட நீளம். முதல் பெயரே சர்க்கரை.

"இருக்கிற சொத்தைப்பல்லு பத்தாதா உங்க மவளுக்கு?" என்றாள் அக்கா. ஆஷ்லின் அதற்குள் ஒன்றைத் தின்று முடித்துக் காகிதத்தை நக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவர் வந்ததிலிருந்து அப்படித்தான். போனில் பல் விழுந்தது முதல் பூனை குட்டி போட்டது வரை ஒப்பிக்கிற பிள்ளை, நேரில் வந்த அப்பாவிடம் வாய் திறக்கவில்லை. போனில் இருந்த அப்பாவுக்கு முகம் மட்டும்தான். இவருக்குக் காலும் கையும் உயரமும் இருந்தன. மகள் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் புதுநன்மைக்காகவே கெஞ்சி வாங்கிய விடுப்பு அது. ஞாயிறு பூசை, செவ்வாய் விமானம்.

"நான் செய்யறேன்" என்றேன்.

"எதுல? நம்ம வீட்ல ஓவன் எங்க இருக்கு?" என்றாள் அக்கா.

அதுதான் என் நெடுநாள் குறை. நான் படிக்கிற மொழிபெயர்ப்பு நாவல்களில் வெளியே பனி பெய்யும், உள்ளே யாராவது அடுப்புக்குள்ளிருந்து ஒரு தட்டை வெளியே இழுப்பார்கள், வீடே மணக்கும். அந்தப் பக்கங்களில் மட்டும் நான் மெதுவாகப் படிப்பேன். எங்கள் ஊரில் வெளியே மே மாத வெயில், தண்ணீர் வராத காவிரி. வாசலில் அத்தான் கட்டுகிற வீட்டுக்காகக் கொட்டிய மணல்.

மணல்! கடலை வறுக்க மணல் போதுமென்றால் கேக்குக்குப் போதாதா?

சலித்து, அலசி, காயவைத்து, பெரிய இட்லிப்பானையின் அடியில் கொட்டினேன். "பாத்துப் போடு லின்சி. இன்னிக்கு மணல் விக்கிற விலைக்கு அந்த பேக்கரிக் கேக்கே மலிவு" என்றார் அத்தான்.

கோதுமை மாவு பாதி, கேழ்வரகு மாவு பாதி. கொக்கோ தூள், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, தயிர், ஆப்பசோடா, வெண்ணெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். கலக்குகிற வேலையை அக்கா என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். இட்லி மாவுக்கு அடிப்பதைப்போல முழங்கை வரை இறங்கி அடித்தாள். "மாவுன்னா அடிச்சாத்தான்டி பொங்கும்."

பொங்கவில்லை. சின்னக் கிண்ணங்களிலிருந்து தட்டி எடுத்தபோது ஒன்று தரையில் விழுந்தது, உடையவில்லை. அத்தான் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார். "நல்லாத்தான் வந்திருக்கு. அஸ்திவாரத்துக்குப் போடலாம்."

ஆஷ்லின் களுக்கென்று சிரித்தாள். அவர் சொன்னதற்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அத்தான் அன்று முழுவதும் அந்த நகைச்சுவையையே வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் கறுத்துக் கனிந்த பூவன்பழங்களை மசித்துச் சேர்த்தேன், சர்க்கரையை இன்னும் குறைத்தேன். அக்காவைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மாவைக் கரண்டியால் புரட்டிப் புரட்டி, கட்டிகள் இருக்கும்போதே நிறுத்திக்கொண்டேன். இந்த முறை மூடியைத் திறந்ததும் வீடே மணத்தது. மேலே லேசாக வெடித்து, உள்ளே பஞ்சாக இருந்தன. பனிதான் பெய்யவில்லை.

அக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள். வாழைப்பழமும் கேழ்வரகும் இருப்பது தெரிந்தே தின்றாள். "அடிக்காமலே வந்திருக்கே" என்றாள், ஏதோ பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசுவதுபோல.

ஞாயிறு விடியலில் கடைசி ஈடு இறங்கியது. காகிதக் கிண்ணங்களில் மஃபின்களை அடுக்கி, தட்டை அத்தானிடம் கொடுத்துவிட்டு நானும் அக்காவும் முன்னால் கோயிலுக்கு ஓடினோம். நான் பாடகர் குழு, அக்கா பூ அலங்காரம். ஆஷ்லினை அழைத்து வரும் பொறுப்பு அத்தானுக்கு. வெள்ளைக் கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் வெள்ளைக் கையுறை. அவள் ஒரு கையால் கவுனைப் பிடித்துக்கொண்டு அவருக்கு நாலடி தள்ளியே நடந்து வந்தாளாம்.

பூசை தொடங்கி முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையிலிருந்து ஆஷ்லின் என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினாள். வெள்ளை உறையின் விரல் நுனியில் பழுப்புக் கறை.

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நற்கருணை வாங்குகிறவர்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. மறைக்கல்வி வகுப்பில் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். குனிந்துகொண்டே போய் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

"மஃபின் தின்னியா?"

"அப்பாகிட்டக் கேட்டேன் சித்தி. 'சாப்பிடலாமாப்பா'ன்னு கேட்டேன். சாப்பிடும்மான்னாங்க." கண் நிறைந்திருந்தது. "ரெண்டாம் மணி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

ரெண்டாம் மணி அடித்ததும்தான் பூசையே தொடங்கும். ஒரு மணி நேரம் ஆக இன்னும் எவ்வளவோ இருந்தது.

"ஃபாதர்கிட்டச் சொல்லிரலாமா?"

"வேணாம் சித்தி. அப்பாவைத் திட்டுவாங்க." உதட்டைக் கடித்தாள். "நான் வாங்காம இருந்துக்கறேன். அடுத்த வருசம் வாங்கிக்கறேன்."

அடுத்த வருடம் அத்தான் குவைத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் எத்தனையாவது மாடியில் நின்றுகொண்டிருப்பாரோ.

மற்ற ஞாயிறாக இருந்தால் கவலையே இல்லை. எங்கள் பங்குச்சாமியார் அடைக்கலராஜ் பிரசங்கத்தில் ஏறினால் இறங்க மாட்டார். அவர் சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று ஊரே எத்தனையோ காலமாக மௌனமாக ஜெபித்து வந்தது. அன்று பார்த்து அந்த ஜெபம் கேட்கப்பட்டது.

"கிளைக் கிராமத்துல அடுத்த பூசை இருக்கு. அதனால இன்னிக்கு ரத்தினச் சுருக்கமா ரெண்டு வார்த்தை" என்றார். கோயில் முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு. சொன்னபடியே முடித்தும்விட்டார்.

நான் கீபோர்டில் இருந்த சகாயராஜ் அண்ணனிடம் நகர்ந்தேன். "அண்ணே, காணிக்கைப் பாட்டுல எல்லாச் சரணமும் பாடணும்."

"ஆறு சரணமா? ஃபாதர் என்னை முறைப்பாரும்மா."

"பாடலைன்னா ஆஷ்லினுக்கு நன்மை கிடைக்காதுண்ணே."

"இது எப்பலேருந்து சட்டம்?"

"அப்புறம் சொல்றேன். பாடுங்க, நிதானமா."

பின்பக்கம் ஓடினேன். காணிக்கைப் பவனிக்காக அத்தான் மஃபின் தட்டோடு எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் நனைந்த சுவர்போல ஆனது.

"அடக் கடவுளே. அங்க ஞாயித்துக்கிழமையும் டூட்டி, லின்சி. கோயிலுக்குப் போயி எத்தனை நாளாச்சு, இந்த நெனப்பே இல்ல." ஆஷ்லின் இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். "புள்ள வந்ததுலேருந்து முதல்முறையா எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. எப்படி இல்லைங்கிறது?"

"கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே மெதுவா நடங்க அத்தான்."

"இதுல குவைத் நேரம் ஓடுது."

"எந்த ஊர்லயும் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான். ஆனதும் புள்ளைக்குத் தலையாட்டுங்க, அவகிட்ட நான் சொல்லி வைக்கறேன். நடங்க."

அத்தான் நடந்தார். தேர் நிலையை விட்டுக் கிளம்புவதுபோல ஒரு காலை எடுத்து, யோசித்து, வைத்தார். சகாயராஜ் அண்ணன் ஒவ்வொரு சரணத்துக்கும் இடையில் நீளமாக வாசித்தார். அத்தானுக்குப் பின்னால் திராட்சையும் பூசணிக்காயும் ஏந்தி வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்னப்பா ரெமிஜியஸ், கால்ல முள்ளா?" பூசணிக்காய் வைத்திருந்த அம்சவல்லி அக்கா அதட்டினார்.

"பக்தியா நடக்கறேங்க்கா."

"உன் பக்தியில எனக்குக் கை ஒடியுது. நட."

பீடத்தில் ஃபாதர் கையை நீட்டியபடி காத்திருந்தார். தட்டைக் கொடுத்துவிட்டு அத்தான் ஒரு வணக்கம் வைத்தார், பக்கத்தில் திரும்பி இன்னொன்று வைத்தார். ஃபாதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆறாவது சரணம் முடிந்ததும் சகாயராஜ் அண்ணன், யாரும் சொல்லாமலே, பல்லவியை மறுபடி எடுத்தார்.

நற்கருணை நேரம் வந்ததும் நான் நழுவி அக்காவுக்குப் பின்னால் வந்து நின்றேன். பிள்ளைகள் மெழுகுவத்தியோடு எழுந்தார்கள். ஆஷ்லின் மட்டும் எழவில்லை. பெற்றோர் வரிசைப் பக்கம் திரும்பி அப்பாவையே பார்த்தாள். அத்தான் கடிகாரத்தைக் கண்ணருகே வைத்திருந்தார். ஒரு பிள்ளை போனது. இன்னொன்று போனது. அக்கா ஒன்றும் புரியாமல், "ஏன் உக்காந்திருக்கா?" என்று கிசுகிசுத்தாள். அத்தானின் கண் கடிகாரத்தைவிட்டு நகரவில்லை. கடைசிப் பிள்ளைக்கு முந்திய பிள்ளை முழங்காலிட்டபோது அவர் தலையை நிமிர்த்தி, பெரிதாக ஆட்டினார்.

ஆஷ்லின் எழுந்து கவுன் தடுக்க ஓடிப்போய் வரிசையின் கடைசியில் நின்றாள். அவள் வாய் திறந்து நன்மை வாங்கியதை அத்தான் எக்கிப் பார்த்தார்.

பெரியவர்கள் முறை வந்தபோது அவர் எழவே இல்லை. "நீங்க போகலையா?" என்றாள் அக்கா. அவர் சட்டைப் பையைத் திறந்து காட்டினார். அதில் மூன்று காகிதக் கிண்ணங்கள் மடங்கிக் கிடந்தன. "நின்னுக்கிட்டு இருந்தேனா, பசிச்சுது."

பூசை முடிந்து வேப்பமர நிழலில் மஃபின் விநியோகம். ஃபாதர் ஒன்றைக் கடித்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார். "யாரு செஞ்சது? இனிப்பு கம்மியா, நல்லா இருக்கே. அடுத்த வருசமும் செய்யுங்க. பவனியை மட்டும் வேகமா நடத்துங்க."

ஆஷ்லின் தன் பங்கோடு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். கறை படிந்த உறையைக் கழற்றியிருக்கவில்லை.

"இப்ப சாப்பிடலாமாப்பா?"

அத்தான் பயந்துபோய் அக்காவைப் பார்த்தார். "அம்மாவைக் கேளும்மா."

"நான் உங்களைத்தான் கேட்டேன்" என்றாள்.

அவர் குவைத் மணியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மகளருகே குந்தி உட்கார்ந்து, "சாப்பிடும்மா" என்றார். அவள் அதைப் பிட்டு, பெரிய துண்டை அவரிடம் நீட்டினாள்.