நாற்பதாயிரத்துக் கோடு

வருஷக் கடைசியில் மூன்று வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது அவருக்கு வழக்கம். செத்த பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லை என்பதுதான் அவர் மனைவிக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று.

மார்ச் மாதம் ரொட்டித் தொழிற்சாலை அடுப்பு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த மனிதர், டிசம்பர் பிறந்ததும் திரும்பி வந்துவிட்டார். காலை ஆறு மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சமையலறைக்குள் நுழைந்தால் ஜன்னலோர நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். திரும்பினால் ஆள் இருக்காது. மாவு வாசனை மட்டும் லேசாக அடிக்கும். பேய் பிசாசு சமாச்சாரமெல்லாம் அவள் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அந்த நாற்காலியின் மேல் மறந்தும் கைப்பையை வைக்க மாட்டாள்.

அவரை உயிரோடு இருந்தபோது அங்கே உட்காரவைத்தது ஒரு கோடு. அவர்கள் பிழைக்க வந்த நாட்டில் வருமான வரி நாற்பதாயிரம் வரைக்கும் நூற்றுக்குப் பத்து, அதற்கு மேல் நூற்றுக்கு முப்பது. கோட்டை ஒரு காசு தாண்டினாலும் மொத்தச் சம்பளத்துக்கும் முப்பதைப் போட்டுப் பிடுங்கிவிடுவார்கள், அதிலும் வெளியிலிருந்து வந்தவர்கள் என்றால் ஈவு இரக்கமே கிடையாது என்று புருஷனும் பெண்டாட்டியும் பத்து வருஷமாக நம்பியிருந்தார்கள். நவம்பர் முடிவில் அவர் சம்பளச் சீட்டுகளை மேசையில் பரப்பிக் கூட்டுவார். கோடு கிட்டே வந்துவிட்டதென்றால் உடனே சம்பளமில்லாத விடுப்பு. ஓவர்டைம் வேண்டாம், மேஸ்திரி வேலையும் வேண்டாம். கூட வேலை செய்தவர்கள் அவருக்குக் கோட்டுச்சாமி என்று பேர் வைத்து, டிசம்பர் வந்தால் "சாமி தவத்துக்குப் போயாச்சா?" என்று வாய் கொள்ளாமல் சிரித்தார்கள்.

அவர்களுக்கென்ன, சிரிப்பார்கள். இவர்களுடைய ஒரே மகள் கடலுக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தாள். ஆறு வயதில் விட்டுவிட்டு வந்தது. பிள்ளையை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அம்மா, அப்பா இருவரில் ஒருவர் தனியாக வருஷத்துக்கு நாற்பத்தைந்தாயிரம் சம்பாதித்ததாகக் காட்ட வேண்டும். கோட்டைத் தாண்டினால் மிஞ்சுவது வாடகைக்கே பத்தாது, பிள்ளையைக் கூட்டிவந்து பட்டினியா போடுவது என்று வருஷத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். டிசம்பரில் இழந்த சம்பளத்தோடு விமான டிக்கெட்டும் போயிற்று. அவளாவது ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அவர் போகவே இல்லை. மகளுக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம்தான்.

இப்போது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மேற்பார்வை வேலை தருகிறோம் என்கிறார்கள். சம்பளம் நாற்பத்தாறாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். மகளுக்குப் பதினாறு முடிந்து எட்டு மாதம். வருகிற வருஷம் முழுக்க அந்தச் சம்பளத்தைக் காட்டினால் அவளுக்குப் பதினெட்டு முடிவதற்குள் மனுப் போட்டுவிடலாம். பதினெட்டு தாண்டிவிட்டால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட முடியுமா? அவள் கணக்குப்படி நாற்பத்தாறில் நூற்றுக்கு முப்பது போனால் மிச்சம் முப்பத்திரண்டாயிரம் சொச்சம். இப்போது வாங்கும் முப்பத்தொன்பதில் பத்து போக முப்பத்தைந்தாயிரம் கைக்கு வருகிறது. செவ்வாய்க்கிழமை காலை இதை அவள் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தபோது நாற்காலி இரண்டு தடவை இழுபட்டது. தாண்டிவிடாதே என்று சொல்ல வந்திருக்கிறார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

செத்தவர்களுக்கும் கடைசியாக ஒரு வரிக் கணக்கு கொடுத்தாக வேண்டுமாம். புதன்கிழமை அதற்காக, ஊர்க்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிற கணக்கக்காவைப் பார்க்கப் போனாள். பல் டாக்டர் கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. கீழே யாருக்கோ பல் குடையும் சத்தம் தரை வழியாக ஏறிவந்தது. இத்தனை வருஷமும் இரண்டு பேருடைய காகிதங்களையும் புருஷன்தான் தூக்கிக்கொண்டு வருவார். அவள் இந்தப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை.

கணக்கக்கா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, எழுந்திருக்கும்போது சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"அக்கா, எனக்கு மேற்பார்வை வேலை தர்றாங்க. நாப்பத்தாறு. கோட்டைத் தாண்டுது. வேணாம்னு சொல்லிடட்டுமா?"

கணக்கக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "அவர் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"எதை?"

கணக்கக்கா எதிர் நாற்காலியைக் காட்டினாள். பிறகு, "உக்காருங்க. உங்க சலவைக்கூடத்துல அழுக்குத் துணி போட்டுத் தள்ளுற வண்டி இருக்குமில்ல? முதல் வண்டி ரொம்பிட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

"மிச்சத்தை ரெண்டாவது வண்டியில போடுவோம்."

"ரெண்டாவது வண்டித் துணிக்கு மட்டும் மூணு மடங்கு கூலின்னு வைங்க. அதுல ஒரு துணி விழுந்ததும் முதல் வண்டித் துணிக்கெல்லாம் கூலி ஏறிடுமா?"

"அதெப்படி ஏறும்? அந்தத் துணியெல்லாம் அந்த வண்டியில..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அவ்வளவுதாம்மா. யாரு எவ்வளவு சம்பாதிச்சாலும் முதல் நாப்பதாயிரத்துக்குப் பத்துதான். மேல இருக்குற ஆறாயிரத்துக்கு மட்டும்தான் முப்பது. நாலாயிரமும் ஆயிரத்தெண்ணூறும், மொத்தமே அஞ்சாயிரத்தெண்ணூறு. நாப்பதாயிரத்து இருநூறு உங்க கையில நிக்கும். வெளியிலேர்ந்து வந்தவங்களுக்குத் தனிக் கணக்குன்னும் ஒண்ணு கிடையாது. வருஷம் பூரா இங்க இருந்து வேலை செஞ்சா எல்லாருக்கும் இதே கணக்குதான்."

கீழே பல் குடையும் சத்தம் நின்றது.

"அவருக்கு இது தெரியுமா?"

"அஞ்சு வருஷம் முன்னாடி, இங்க உக்காந்துதான் கேட்டார். ரொட்டித் தட்டை வச்சு விளக்கினேன். புரிஞ்சதும் அரை மணி நேரம் எழுந்திரிக்கவே இல்லை. அப்புறம் சொன்னார், 'இந்தக் கோட்டுக் கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவதான். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா. நானே நேரம் பாத்துச் சொல்லிக்கிறேன்'னு."

ஆமாம், அவள்தான். வந்த முதல் குளிர்காலம். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருத்தி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதை, புதையல் கிடைத்தவள்போல் வீட்டுக்கு ஓடிவந்து புருஷனிடம் கொட்டினாள். "நல்லவேளை, கேட்டுக்கிட்டு வந்தே" என்று அவரும் மெச்சிக்கொண்டார். போகப் போக அது எப்படியோ அவருடைய கோடு என்று ஆகிவிட்டது. அவளுக்குச் சுத்தமாக மறந்தே போயிற்று.

ஐந்து டிசம்பர் அவர் தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போனால் இந்த வருஷம் மட்டும் எப்படி என்று அவள் கேட்பாள். அதற்குப் பயந்து சீருடையை மாட்டிக்கொண்டு, காலணிகூடப் போட்டுக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அவள் மேல் வைத்த அன்பு என்று இதைச் சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த அன்புக்குக் கூலி கொடுத்தது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னப் பெண்.

வியாழக்கிழமை காலை நாற்காலி இழுபட்டது. அவள் ஓடவில்லை. எதிரில் போய் நின்றாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அஞ்சு வருஷம்! நான் உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போறேன், ஒட்டவச்சுக்க மாட்டேனா?" என்று வீடு அதிரக் கத்தினாள். மாவு வாசனை அப்படியே நின்றது. அவரைக் குழியிலிருந்து தோண்டி எடுத்து உலுக்க வேண்டும் போலிருந்தது. மறு நிமிஷமே அவர் மடியில் முகத்தை வைத்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் ஆள் இல்லை.

அன்றைக்கே கையெழுத்தைப் போட்டாள். மத்தியான இடைவேளையில், ஈரத் துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மகளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மகள் ஒரு கூச்சல் போட்டாள். அப்புறம் சட்டென்று அடங்கினாள்.

"ஏம்மா, இத்தனை வருஷமா முடியாதது இப்ப மட்டும் எப்படி முடிஞ்சுது?"

சட்டம் மாறிவிட்டது என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமான பொய்! அப்புறம் நேரம் பார்த்து நிஜத்தைச் சொல்லிக்கொள்ளலாம். அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் சொன்னாள். இஸ்திரி மேசையில் ஆரம்பித்து, கணக்கக்கா வரைக்கும், ஒன்றையும் விடாமல்.

மகள் முதலில் கேட்டது வருஷக் கணக்கைத்தான்.

"அஞ்சு வருஷம் முன்னாடி அப்பா சொல்லியிருந்தா, நான் எப்ப வந்திருப்பேன்?"

"ஒரு வருஷம் சம்பளம் காட்டணும். மனு முடிய இன்னொரு வருஷம். கொஞ்சம் முன்னப் பின்ன ஆகியிருக்கும்."

மகள் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. கெட்டிக்காரப் பெண், கணக்கில் எப்போதும் முதல் மார்க்.

"அப்பன்னா ரெண்டு வருஷம் அப்பாகூட இருந்திருப்பேன், இல்லம்மா?"

"இருந்திருப்பே" என்றாள் அவள்.