விதைப்பூண்டு

வாரத்துக்கு ஒரு நாள் பொன்னுத்தாயைக் காய்கறி லாரியில் ஏற்றிவிடுவதோடு அந்த வீட்டின் அக்கறை முடிந்துவிடும். கூட யாரும் போனதில்லை. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி குத்தி, கோத்துக்கொண்ட நீரை வடித்து அனுப்புவார்கள். சிறுநீரகம் கெட்டுப்போனவளுக்கு அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த மலையில் கிடைத்த வைத்தியம் அவ்வளவுதான். அடுத்த வாரம் மறுபடியும் கோத்துக்கொள்ளும். ஆயுசுக்கும் இப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவராவது முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

மேல்மலையில் அவள் வீட்டில் அதுவும் கிடையாது. உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் அடுப்படிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுவார்கள். இவள் எழுந்து வந்தால் பேச்சு நின்றுவிடும். உயிரோடு நடமாடுகிறவள் முன்னால் இழவு வீட்டு மௌனம். நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அவளுக்கென்று மிஞ்சியிருந்தது ஒன்றுதான். பூண்டு நடவில் முதல் பல்லை ஊன்றுவது அந்த வீட்டு மூத்த மருமகள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள்தான் ஊன்றினாள். கைராசிக்காரி என்று ஊரே சொன்னது.

"நடவு எப்பங்க?" என்று புருஷன் கந்தவேலிடம் கேட்டாள்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம் புள்ள. லாரி வந்துரும், வெரசா கெளம்பு" என்றான் அவன்.

அன்று மழையில் பாதை சரிந்து கிடந்தது. லாரி பாதி வழியில் திரும்பி, அவளை ஊர் எல்லையில் இறக்கிவிட்டது. வடிக்காத வயிற்றைத் தூக்கிக்கொண்டு பொன்னுத்தாய் வீட்டுக்கு நடந்தாள். பார்த்தால் அவர்கள் காட்டில் பெண்கள் கூட்டம். வரப்போரம் கற்பூரம் எரிகிறது. மடி நிறைய விதைப்பூண்டோடு, கொழுந்தன் பெண்டாட்டி சின்னத்தாயி முதல் பல்லை ஊன்றக் குனிந்துகொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி நாளாகப் பார்த்து நடவு வைத்திருக்கிறார்கள். கட்டின புருஷனுக்கு இந்த யோசனை எப்படி வந்ததோ.

"ஒனக்கு அலைச்சல் வேண்டாம்னுதான்..." என்று வரப்பில் நின்ற கந்தவேல் இழுத்தான்.

சின்னத்தாயிக்குப் பொய் வராது. "நோவுக்காரி கை பட்டா வெதை அழுகிப்போகும்னு ஊர்ல பேசிக்கிறாங்கக்கா. நம்ம வீட்லயும் பயந்துட்டாங்க."

பொன்னுத்தாய் வரப்பைத் தாண்டிச் சின்னத்தாயி எதிரில் போய் நின்றாள்.

"போன வருசம் ஊன்றுறப்பவே எனக்குக் கால் வீங்கிக் கெடந்துச்சு சின்னத்தாயி. சொன்னா நடவு சோலி கெட்டுப்போகும்னு சேலைய இழுத்துவிட்டு மறைச்சுக்கிட்டேன். அந்த வெளச்சல்லதான் வெதைக்கு எடுத்து வச்சோம். ஒம் மடியில கெடக்கிறது அதுதான். ஒண்ணாச்சும் அழுகியிருக்கான்னு பாரு."

சின்னத்தாயி மடியைப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாகத் திரண்ட பூண்டு. கையிலிருந்த பல்லை அக்காவிடம் நீட்டினாள்.

பொன்னுத்தாயால் குனிய முடியவில்லை. ஈர மண்ணில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அந்தப் பல்லை ஊன்றி மண்ணை மூடினாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பாதை சரியானதும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஊசி குத்துறப்பப் பிடிச்சுக்க ஒரு கை வேணும். இத்தனை நாளும் கட்டில் கம்பியத்தான் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."