தலைகீழ் முத்திரை

1

செய்தித்தாளில் வந்த நான்கு வரிகளிலிருந்து பிறந்த கதை இது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தூர தேசத்துப் போரில் ஒரு சந்தைமேல் குண்டு விழுந்தது, அரசு "ஆழ்ந்த கவலை" தெரிவித்தது, அவ்வளவுதான். தோக்கியோவில் இருபத்தோரு வருடம் குப்பை கொட்டியவன் நான். கவலை, ஆழ்ந்த கவலை, கண்டனம் என்று இங்கே அறிக்கைச் சொற்களுக்குப் படிக்கட்டு உண்டு. ஒரு படி ஏற, கையெழுத்துக்குப் பதிலாக ஏழு பேர் தங்கள் பெயர் முத்திரையை வைக்க வேண்டும். அந்த "ஆழ்ந்த"வைப் போட்டது யாரென்று யோசித்தேன், மாட்டிக்கொண்டேன்.

(எந்த நாட்டுப் போர் என்று கேட்காதீர்கள். எந்தப் பெயரை வைத்தாலும் ஒரு மாதத்தில் பொருந்திவிடுகிறது.)

2

முதல் தொடக்கம்: "மழை பெய்துகொண்டிருந்தது. அமைச்சக நடைபாதையில் ஹிராகா தோமோயே குடையை" — அடித்துவிட்டேன். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: காலை பத்து இருபது. பதினொன்றுக்கு வெளியுறவு மந்திரி வாசிக்க வேண்டிய அறிக்கை அமைச்சக அதிகாரி தோமோயேயின் மேஜையில் இருக்கிறது. எழுதியவள் அவள். சந்தையில் இறந்த எழுபத்தொரு பேரின் படங்களைப் பார்த்துவிட்டு, "கண்டிக்கிறோம்" என்ற சொல்லுக்காக இரண்டு நாள் மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறாள். முதல் முத்திரை வைக்க வேண்டியவளும் அவள்தான், இன்னும் வைக்கவில்லை. அப்போது தொலைபேசி அடித்தது. அந்த நாட்டிலிருந்து இருபத்து மூன்று ஜப்பானியர்களைப் பேருந்தில் வெளியே கொண்டுவரும் தூதரக அதிகாரி ஓனோதெரா.

"தோமோயே, இன்னும் ரெண்டு சோதனைச் சாவடி இருக்கு. எல்லையைத் தாண்ட உங்க நேரத்துக்குப் பதினொன்னே முக்கால் ஆகிடும்."

"சாவடியில யாரு நிக்கிறா?"

"குண்டு போட்டவனுங்கதான். கடைசி செம்பே அரிசி பிஸ்கட் பாக்கெட்டையும் தின்னக் குடுத்து, சிரிச்சு மழுப்பிக்கிட்டு வர்றோம். சாவடிக்குச் சாவடி ரேடியோ அலறுது. நம்ம மந்திரி வாயைத் திறந்தார்னா—"

இணைப்பு அறுந்தது. அவள் எழுந்து பிரிவுத் தலைவரின் மேஜைக்குப் போனாள்.

3

அவளுடைய பிரிவுத் தலைவர் முரோயைக் கோழையாகத்தான் படைத்திருந்தேன். இந்த அலுவலகங்களில் கீழிருப்பவர் தன் முத்திரையைத் தாளில் மேலதிகாரியின் கட்டத்துப் பக்கம் லேசாகச் சாய்த்து, குனிந்து வணங்குவதுபோல் வைப்பது மரியாதை. முரோயின் முத்திரை விழுந்தே கும்பிடும். (அவர் கோழைதானா என்று இப்போது எனக்கே சந்தேகம் வருகிறது.)

"என்னம்மா ஹிராகா, ரெண்டு நாளா என் உயிரை எடுத்து வாங்கின சொல்லு. இப்ப வேண்டாங்கிற?"

"வேண்டாங்கல சார். ஒரு மணி நேரம் கழிச்சு வேணும்."

"காரணத்தை எழுதிக் குடு, நிறுத்தச் சொல்றேன்."

"எழுதினா ஏழு மேஜைக்கும் போகும். வண்டி எந்த வழியா வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும் சார்."

முரோய் கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

அவள் தன் இடத்துக்குப் போனாள். முத்திரையை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, அழுத்தி வைத்தாள். விசாரித்துப் பார்த்தேன், சம்மதமில்லை என்று அதற்கு அர்த்தம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த கட்டத்துக்காரர் அதைக் கண்டுகொண்டால் தாள் முதலிலிருந்து சுற்ற வேண்டும். தான் எழுதிய அறிக்கையிலேயே ஒருத்தி தலைகீழ் முத்திரை வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த கட்டம் முரோயுடையது.

4

முடிவு ஒன்று: முரோய் தாளைத் திருப்பி அனுப்புகிறார், பேருந்து எல்லையைத் தாண்டுகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். நானே நம்பவில்லை.

முடிவு இரண்டு: அவர் கண்டும் காணாமல் முத்திரை வைக்கிறார், மந்திரி பேசுகிறார், பேருந்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே பொய்யோ என்று பயமாக இருக்கிறது.

மூன்றாவது: "சாவடியில் சிப்பாய் ரேடியோவின் ஒலியைக் கூட்டினான். பிறகு பேருந்தின் கதவை"

இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

அறிக்கையைத் தாமதித்தால் மட்டும்? அந்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு சந்தையில் குண்டு விழாது என்று எனக்கு யார் உறுதி சொன்னார்கள்?

5

பத்து நாற்பது. முரோய் தாளைப் பார்க்கிறார், தோமோயேயைப் பார்க்கிறார், முத்திரையை மையில் ஒற்றுகிறார். நேராகவா தலைகீழாகவா என்று இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். தொலைபேசி மறுபடி அடிக்கிறது, தோமோயே எடுத்துவிட்டாள், ஓனோதெராதான்.

"அடுத்த சாவடி கண்ணுக்குத் தெரியுது. மந்திரி பதினொன்னுக்குப் பேசறாரா இல்லையா? வண்டியை விரட்டச் சொல்லட்டுமா, ஓரங்கட்டச் சொல்லட்டுமா?"