கிளீனர் கழுவிய கிரில்

லாரியை அவள் ஓட்டினாள். புருஷன் கிளீனராகக் கூட வந்தார். முன்பு அது நேர்மாறாக இருந்தது. சர்க்கரை வியாதி அவருடைய இடது கண்ணைக் கொண்டுபோனபோது லைசென்ஸும் கூடவே போயிற்று. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே தொழில் கற்று, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்த அவள் ஸ்டியரிங்குக்கு நகர்ந்தாள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிப்பவர் என்பதால் சக டிரைவர்கள் அவரை ஹாரன்காரர் என்பார்கள். இடம் மாறியும் பெயர் மாறவில்லை. “வண்டி அதேதான், சீட்டுதான் மாறியிருக்கு” என்று சிரித்துக்கொண்டு சொல்வார். வலது கண் நன்றாகத் தெரிகிறது என்பதையும் யாரும் கேட்காமலே சேர்த்துக்கொள்வார்.

கண்ட நேரத்தில் கண்ட கடையில் சாப்பிட்டால் இருக்கிற கண்ணும் நிலைக்காது, வீட்டுச் சமையல்தான் நல்லது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மாதத்தில் பாதி நாள் லாரியே வீடாக இருப்பவர்களுக்கு அது எப்படி முடியும்? யோசித்து யோசித்து, லாரியிலேயே வைத்துக்கொள்ளும்படி, சுட்டுச் சமைக்கிற கிரில் அடுப்பு ஒன்று வாங்கிவிடலாம் என்று அவள் முடிவு செய்தாள்.

கடையில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவருக்குக் கரி அடுப்புதான் வேண்டும். கரி வாசனை இல்லாத கோழி உப்புச் சப்பில்லாமல் இருக்கும் என்றார். கரி பற்றவும் நேரமாகும், சாம்பல் ஆறவும் நேரமாகும், கங்கு கனிகிற அடுப்போடு எந்தக் குடோனிலும் உள்ளே விடமாட்டான் என்று அவள் வாதாடினாள். கடைசியில் சின்ன சிலிண்டரில் எரியும் கிரில் என்று முடிவாயிற்று. அதிலும் சக்கரம் வைத்த பளபளப்பான ஒன்றை அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மூலையில் கிடந்த வேறொன்றைத் தடவிக்கொண்டிருந்தார். மூடினால் பெட்டி மாதிரி ஆகிவிடும். மடக்குக் கால். கனத்த இரும்புக் கம்பித்தட்டு. எண்ணெய் வடியும் தட்டைத் தனியாக உருவிக்கொள்ளலாம். ஒவ்வொரு திருகையும் திருகி, கீல்களை விரலால் அழுத்தி, காலின் கொக்கியை மாட்டிக் கழற்றி, “இது ஆடாது, இதையே எடு” என்றார். அண்ணன் விஷயம் தெரிந்தவர் என்று கடைக்காரர் பாராட்டினார். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. புறப்படும்போது கல்லாவுக்குப் பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு கம்பி பிரஷையும் எடுத்துக்கொண்டார்.

சமையல் அவளுடையது, கழுவுவது அவருடையது. தட்டு சூடாக இருக்கும்போதே பிரஷால் வறட் வறட்டென்று தேய்ப்பார். வடிந்த கொழுப்பைப் பழைய காகிதத்தில் கொட்டிச் சுருட்டி எறிவார். இத்தனை நாள் பேருக்குத்தான் கிளீனர், இப்போதுதான் நிஜமான கிளீனர் என்று தன்னையே கேலி செய்துகொள்வார். சர்க்கரை இறங்கியது. பிரஷ்தான் தேய்ந்து, கம்பிகள் நாலா பக்கமும் சாய்ந்துவிட்டன. தூக்கிப் போடச் சொன்னாள். கைக்குப் பழகிவிட்டது என்றார். அவள் விட்டுவிட்டாள். தனக்கென்று அவரிடம் மிஞ்சியிருந்த வேலைகளே கொஞ்சம்தான். கிரில் கழுவுவது, தார்ப்பாய் கட்டுவது, அவள் பின்னால் எடுக்கும்போது வண்டிக்குப் பின்னே நின்று “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பது.

ஒரு நாள் மத்தியானம் சாலையோரம் நிறுத்திக் கோழியும் வெங்காயமும் சுட்டுச் சாப்பிட்டார்கள். மூன்றாவது வாயில் அவள் தொண்டையில் ஏதோ குத்தியது. எலும்புத் துண்டு என்று நினைத்தாள். வெறும் ரொட்டியை உருட்டி விழுங்கச் சொன்னார் அவர். விழுங்கினாள். வாழைப்பழமும் விழுங்கிப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. சரக்கு போய்ச் சேர வேண்டும் என்று வண்டியை எடுத்துவிட்டாள். போகப் போக எச்சில் விழுங்குவதே பெரும்பாடாயிற்று. பேசினால் கண்ணில் நீர் முட்டியது. அடுத்த ஊர் வந்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே லாரியை நிறுத்தினாள்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தலைமுடி மாதிரி ஒரு கோடு. எலும்பு இல்லை, கம்பி என்றார். தொண்டைக்குள் குழாய் விட்டு அதை எடுத்து, ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். இன்னும் கீழே இறங்கியிருந்தால் குடலைக் கிழித்திருக்கும் என்றும் சொன்னார். பிரஷிலிருந்து உதிர்ந்த கம்பி என்று வெளியே பெஞ்சில் இருந்த புருஷனிடம் அவள் சொன்னபோது, பிரஷ் செய்தவனைத் திட்டித் தீர்த்தார்.

ராத்திரி அங்கேயே தங்க வைத்து, விடிந்ததும் அனுப்பினார்கள். லாரிக்கு வந்ததும் அவள் முதல் வேலையாகக் கிரிலைத் திறந்தாள். வெயில் நேராக விழுந்தது. முந்தின நாள் அவர் தேய்த்து வைத்த தட்டு. கம்பிக்குக் கம்பி இடுக்கில் பிரஷ் முடிகள் மினுமினுத்தன. தேட வேண்டியிருக்கவில்லை, நின்ற இடத்திலிருந்தே தெரிந்தன. ஒரு மூலையில் கருகிய தோல்கூட அப்படியே ஒட்டியிருந்தது.

தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதுல என்ன இருக்குன்னு பாருங்க.”

முகத்துக்கு அருகே கொண்டுபோனார். திருப்பினார். “சுத்தமாத்தானே இருக்கு” என்றார். பிறகு வழக்கம்போல உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். கை சட்டென்று நின்றது. ஒரு முடி குத்தி, சின்னதாக ரத்தம் துளிர்த்தது. அவர் கையை எடுக்கவில்லை.

“எவ்வளவு நாளா தெரியல?”

“மழைக்கு முன்னாடியிருந்து.” கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “வெளிச்சம் தெரியுது. ஆள் நிக்கறது தெரியுது” என்றார்.

தொண்டை அவளுக்கு மறந்தே போயிற்று. மழைக்குப் பிறகு எத்தனை குடோன், எத்தனை சந்து. எல்லா இடத்திலும் அந்தக் குரலை நம்பித்தான் கண்ணை மூடிக்கொண்டு பின்னால் எடுத்திருந்தாள். ஒரு முறை மூட்டை தூக்குகிறவர் ஒருவர் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். மூட்டைக்காரர்தான் குறுக்கே வந்துவிட்டார் என்று புருஷன் சொன்னதை நம்பி, அந்த மனிதரிடம் அவள் சண்டை போட்டிருந்தாள்.

“பின்னாடி நின்னு எப்படிங்க குரல் குடுத்தீங்க?”

“சத்தத்தை வெச்சு.”

“யாராவது செத்திருந்தா?”

அவர் தட்டைக் கீழே வைத்தார். “சொன்னா வீட்டுலயே இருக்கச் சொல்லிடுவ. அந்த நாலு சுவத்துக்குள்ள தனியா நான் என்ன பண்ணுவேன்?”

அவர் சொல்லியிருந்தால் அவள் அதைத்தான் செய்திருப்பாள்.

சரக்கை இறக்கப் போன குடோனில் அவரைக் கேபினிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வாட்ச்மேனை அழைத்து வழி காட்டச் சொன்னாள். வேறொரு ஆளின் “வரலாம், வரலாம்” பின்னாலிருந்து வந்தது. அவர் முழங்கால்மேல் கை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். வண்டி நின்ற பிறகும் அப்படியே இருந்தார்.

திரும்பும் வழியிலேயே கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். போன பார்வை போனதுதான், மாதாமாதம் ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அவருடைய தங்கை வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கம். அங்கே இருக்கட்டும் என்று அவள் சொன்னபோது சண்டை வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இப்போது அவள் தனியாகத்தான் ஓட்டுகிறாள். போகிற இடத்தில் யாரையாவது பின்னால் நிற்கச் சொல்கிறாள். பிரஷை எறிந்துவிட்டாள். தட்டைக் கொதிநீரில் ஊறப்போட்டுத் துணியால் தேய்க்கிறாள். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகும் சாப்பாடு நிம்மதியாக இறங்குவதில்லை.

ஒரு மத்தியானம் அவர் போன் செய்தார். சாப்பிட்டாயா, தொண்டை ஆறிவிட்டதா என்றெல்லாம் கேட்டார். பிறகு சொன்னார்:

“காலையில தங்கச்சி டீ கொண்டாந்து வெச்சா. கைய நீட்டினேன், கவுந்துடுச்சு. ஒரு வார்த்தை சொல்லல. தொடைச்சுட்டுப் போயிட்டா. நீயா இருந்தா திட்டியிருப்ப.”

“நல்லாத் திட்டியிருப்பேன்.”

“ஊசி போடற அன்னிக்கு நீ வர்றியா?”

அன்றைக்கு இரண்டு லோடு ஒத்துக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்றாள். போனை வைத்த பிறகு, எந்தக் கம்பெனிக்காரரிடம் முதலில் முடியாது என்று சொல்வது என்று யோசித்தபடி, வண்டியை எடுக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.