லம் மெராய் ஊர்க்குறிப்பேடு

செலாவா மலையின் நீல முகடு வெயிலில் வெளுத்து, அறுவடை முடிந்த வயல்களில் அரிதாள் காய்ந்து, எருமைகள் சேற்றுக்குட்டையில் மூக்கு மட்டும் தெரியக் கிடந்து, தென்னையும் கமுகும் காற்றின்றி ஓய்ந்து நின்ற ஒரு முற்பகற்பொழுதில், அச்சே நாட்டின் வடமுனையில் உள்ள லம் மெராய் என்னும் எம் சிற்றூர், உண்டு களைத்தவனைப் போல அசையாது கிடந்தது. கிழக்கே ஆறு, தெற்கே யானைகள் இறங்கிவரும் குன்று, மேற்கே அண்டையூராரோடு தீராத வாய்க்கால் வழக்கு, வடக்கே பெருஞ்சாலை. அச்சாலை வழியே எமக்குக் கருவாடும் உப்பும் அலுவலகத் தாள்களும் வந்து சேரும். முன்னிரண்டால் எமக்கு என்றும் இன்னல் நேர்ந்ததில்லை.

படிக்கின்ற நல்லீர், எம் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. தாயிடமிருந்து மகளுக்கும், மகளில்லாதாளிடமிருந்து உடன்பிறந்தாள் மகளுக்கும் அது போகும். ஆண்மகன் மணநாளில் ஒரு தலையணையோடு படியேறி வருவான். மணம் முறிந்தாலோ மனைவி மறைந்தாலோ அத்தலையணையோடு படியிறங்கித் தொழுகைக்கூடத்துப் பின்னறைக்குப் போய்ப் படுப்பான். இதை எவரும் எங்கும் எழுதி வைத்ததில்லை; தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பதை யார்தான் எழுதி வைப்பார்?

எழுதச் சொன்னது வட்ட அலுவலகம். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊரின் எல்லை, வயல், கிணறு, ஆள், வீடு அனைத்தையும் நிரப்பி அனுப்புக என்று கட்டங்கள் வரைந்த குறிப்பேடு ஒன்று அங்கிருந்து வரும். சென்ற முறை அது வந்தபோது, ஊர்த்தலைவர் பந்தா சைதி தம் மனைவி நியா புங்சுவை மண்ணுக்குக் கொடுத்து மூன்று திங்கள்கூட ஆகவில்லை. உண்டதும் உறங்கியதும் அறியாது, முழங்கால் வலியையும் நெஞ்சின் வெறுமையையும் ஒருங்கே சுமந்து திரிந்த அம்மனிதர், வீட்டுக்கு உரியவர் என்னும் கட்டத்தில் ஆண்தலைவன் பெயரே வேண்டும் என்று எழுத்தர் சொன்னதைக் கேட்டு, மறுத்துப் பேச வலுவின்றி, நாற்பத்தொரு வீட்டுக்கும் நாற்பத்தொரு ஆண்களின் பெயரை ஒரே பொழுதில் எழுதித் தள்ளிவிட்டார். ஆணில்லா வீட்டுக்கு அண்ணன் பெயர் வந்தது. தாள் அங்கே கிடக்கும், வீடு இங்கே நிற்கும், ஒன்றை ஒன்று என்ன செய்துவிடும் என்று அவர் எண்ணினார்; அன்று அவர் இருந்த இருப்பில் நாமும் அப்படித்தான் எண்ணியிருப்போம்.

அந்தத் தாள்தான் அம்முற்பகலில் சரக்குந்து ஏறி வந்து நின்றது. நான்கு திங்களுக்கு முன் ருக்கையாவோடு மணம் முறித்துப் போன ஹம்தான், ஊர்முத்திரை பதிந்த அப்பக்கத்தின் நகலை அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு, ஆணியின்றி முளையடித்து நிறுத்திய அவள் வீட்டை நகரத்து வணிகன் ஒருவனுக்கு விற்றுவிட்டான். பழைய மரத்துக்கும் கொடிச்செதுக்கலுக்கும் அங்கே ஆசை மிகுதியாம். வணிகனின் ஆட்கள் ஐவர் கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியல்களைத் தூணடியில் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தனர். முளைகளை எதிர்ப்புறம் தட்டினால் பொழுது சாய்வதற்குள் வீடு வெறும் மரக்குவியலாகிவிடும். ருக்கையாவோ மூன்றாம் படியில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்து, உலர்ந்த புளிச்சக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நல்லதையும் சொத்தையையும் ஒரே பக்கமாக ஒதுக்கினாள்.

ஊர்மூத்தோர் நால்வரும் வந்து பாயில் அமர்ந்தனர். வெற்றிலைத் தட்டு நடுவே வைக்கப்பட்டது, எவரும் தொடவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல, தாள் சொல்லுது," என்றான் ஹம்தான். "தலைவரு கையெழுத்து, ஊரு முத்திர. எடுத்துப் படிச்சுப் பாருங்க."

"இந்த வீட்டுக்கு அவரு கொண்டு வந்தது ஒரு தலகாணி," என்றாள் ருக்கையா, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல். "அதையும் உறை துவைச்சுக் குடுத்துத்தான் அனுப்பினேன். குறைஞ்சிருந்தா சொல்லச் சொல்லுங்க."

வணிகனின் ஆட்களுள் மூத்தவன் தொண்டையைச் செருமினான். "எங்களுக்கு உங்க வழக்கம் தெரியாதுங்க. தாள் சரின்னா பிரிப்போம், தப்புன்னா போயிருவோம். சட்டுன்னு சொன்னீங்கன்னா நல்லது, வெயில் ஏறுது."

மூத்தோருள் முதல்வரான தெங்கு ஜலில், தாளை எட்டத்தில் பிடித்து ஒருமுறையும் கிட்டத்தில் பிடித்து ஒருமுறையும் பார்த்தார்.

"பந்தா, இது நீ எழுதினதா?"

"நான் எழுதினதுதான்."

"ஏம்ப்பா இப்படி எழுதின?"

"அலுப்பா இருந்துச்சு."

எவரும் சிரிக்கவில்லை. ஊர்த்தலைமை என்னும் பொறுப்பை வேண்டாம் வேண்டாம் என்றவர் தலையில் கட்டி, பதினாறு ஆண்டாக வாய்க்கால் சண்டைக்கும் எருமைச் சண்டைக்கும் அவரையே எழுப்பி இழுத்துச் சென்றவர்கள் அன்றோ அங்கே அமர்ந்திருந்தோர் அனைவரும்!

"சரி, இவன் பேர அடிச்சிடு," என்றார் ஜலில். "பக்கத்துல நாங்க நாலு பேரும் கையெழுத்துப் போடுறோம். ஆபீசுக்கு அது போதும்."

தலைவர் எழுதுகோலைக் கையில் எடுத்தார். அப்போதுதான் ஹம்தான், தோற்பவனுக்கு வாய்க்கும் கூர்மையோடு, அவர் முகத்தை நேரே பார்த்துக் கேட்டான்.

"என் வரிய மட்டும் அடிச்சாப் போதுமா, தலைவரே? நியா புங்சு அக்கா வீட்டுக்கு யாரு பேரு எழுதியிருக்கீங்க? உங்க பேருதான? அக்கா போயி மூணு வருஷம். உங்களுக்குப் பொம்பளப் புள்ள கிடையாது. வீடு அக்காவோட தங்கச்சி மக இந்தானுக்குச் சேர வேண்டியது. அவளுக்குக் கல்யாணம் பேசி, குடி வைக்க வீடில்லாம தள்ளிப் போட்டுக்கிட்டே வர்றாங்க. என் வரி பொய்யின்னா உங்க வரி என்னவாம்?"

கூட்டம் தலை தாழ்த்திற்று. மூன்றாண்டாக ஊரார் அனைவரும் அறிந்து, ஒருவரும் வாய் திறவாது விட்ட ஒன்றை, வாய் திறக்கத் தகுதியற்றவன் திறந்துவிட்டான். மூத்தோர் ஒருவரையொருவர் பார்த்தனர். தலைவர் சொன்னால் தலைவருக்கு விலக்கு அளிக்கவும் அவர்கள் அணியமாகத்தான் இருந்தனர். ஆயின் அவ்விலக்கின் நிழலில் ஹம்தானும் ஒதுங்குவான், கொட்டாப்புளி எழும்.

பந்தா சைதி எழுதுகோலைப் பாயில் வைத்தார். அவர் கண்முன் தாம் இன்னும் குடியிருக்கும் வீட்டின் வடக்குச் சாளரம் நின்றது. அதன் கீழே நியா புங்சு முடைந்த பாய் இன்னும் விரித்தபடி இருக்கிறது. அதன் ஒரு பாதியில் மட்டும் அவர் படுப்பார். நாளெல்லாம் பிறர் வழக்கைச் சுமந்து, பொழுது சாய்கையில் அப்பாதிப்பாயில் முதுகைச் சாய்ப்பதொன்றே அவருக்கு எஞ்சியிருந்த இன்பம். அதையும் விட்டுக்கொடுக்க அவருக்கு விருப்பமில்லை. இதை மறைக்க வேண்டிய தேவை எமக்கில்லை. இன்னும் ஓர் ஆண்டு என்று அவர் உள்ளம் கெஞ்சிற்று. ஆனால் மூன்றாம் படியில் முறத்தோடு இருந்தவள் அவர் கண்ணை விட்டு அகலவில்லை.

"அவன் சொல்றது சரிதான்," என்றார் இறுதியில். "முதல்ல என்னுத அடிக்கிறேன்."

எழுதுகோலை மீண்டும் எடுத்து, அதே தாளில் இருந்த தம் பெயரை அடித்தார். பக்கத்தில் இந்தான் என்று எழுதினார். பிறகு ஹம்தானின் பெயரை அடித்து ருக்கையா என்று எழுதினார். நால்வரும் ஒப்பமிட்டனர். வணிகனின் ஆட்கள் கொட்டாப்புளிகளைத் திரட்டி வண்டியில் போட்டனர். கொடுத்ததைத் திருப்பித் தா என்று ஹம்தானிடம் அவர்கள் தொடங்கிய பேச்சு சாலை வளைவு வரை கேட்டது. ருக்கையா முறத்தை இறக்கி வைத்து எழுந்தாள்.

"சோறு ஆக்கியிருக்கேன் அண்ணே. தின்னுட்டுப் போங்க," என்றாள்.

நண்பகல் தொழுகைக்குப் பின் பந்தா சைதி நியா புங்சுவின் வீட்டிலிருந்து தம் தலையணையோடு படியிறங்குகையில், செய்தி கேட்டு ஓடிவந்த இந்தான் கீழ்ப்படியை மறித்துக்கொண்டு அழுதாள்.

"பெரியப்பா, யாரு உங்கள போகச் சொன்னா? நான் சொன்னேனா, அம்மா சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலம்மா. அதனாலதான் மூணு வருஷம் இருந்துட்டேன்."

"இருக்கட்டும், இங்கயே இருங்களேன். எங்களோடயே."

"வர்ற மாப்பிள்ள எங்க படுப்பான்? தள்ளிக்க. கால் வலிக்குது, நிக்க முடியல."

அவள் விலகினாள். பாயை அவர் எடுக்கவில்லை. அது வீட்டுக்கு உரியது.

அன்று பிற்பகல், தொழுகைக்கூடத்துப் பின்னறையில், துணையை இழந்த மூன்று கிழவர்கள் குறட்டைவிட்டுக் கிடந்த மூலையில், இம்முறைக்கு வட்ட அலுவலகம் அனுப்பியிருந்த புதிய குறிப்பேட்டை அவர் எழுதி முடித்தார். நாற்பத்தொரு கட்டத்தில் நாற்பத்தொரு பெண்களின் பெயர். அலுவலகத்தார் திருப்பி அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். திருப்பி அனுப்பினால் திரும்ப எழுதலாம் என்றிருந்தார். கடைசிப் பக்கத்தில் ஊரில் வீடற்றோர் எத்தனை பேர் என்று ஒரு கட்டம் கேட்டது. எம் ஊரார் அதில் என்றும் ஒரு கோடு கிழித்து விடுவதே வழக்கம். அவர் உறங்குகின்ற மூவரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, நான்கு என்று எழுதினார்.

பிழையாக எழுதிய ஒரு சொல்லைத் திருத்துவதற்கு நொடிப்பொழுது போதும் என்பர், நல்லீர். அச்சொல்லின் கீழே மூன்றாண்டு படுத்துறங்கிய மனிதர் ஒருவரை யாம் அறிவோம். அவருக்கு அது போதவில்லை. எழுதுகோலை மூடிவைத்து, தலையணையைச் சுவரோரம் இட்டு, வலிக்கும் காலை மெல்ல நீட்டி, அவர் கண்களை மூடினார். உறக்கம் மட்டும் வரவில்லை.