கல்யாண வேனில் வந்த கேப்டன்

2003-ல் அரியலூர் கூடைப்பந்து அணிக்கு ஆரம்பமே சரியில்லை. லாரி முதலாளி தங்கசாமி சம்பளம் கொடுத்து நடத்திய அணி அது. நாலு ஊர் சேர்ந்து நடத்திய லீக்கில் முதல் மாதம் முழுக்கத் தோல்வி. அப்புறம் ஜெயங்கொண்டத்தில் எப்படியோ ஒரு ஆட்டம் ஜெயித்தார்கள். அதிலிருந்து யாராலும் தடுக்க முடியவில்லை. கடைசி ஆட்டம் பெரம்பலூரோடு. ஜெயித்தால் கோப்பை.

மழையால் அந்த ஆட்டம் தள்ளிப்போனது. புதுத் தேதி, கேப்டன் செல்லமுத்துவின் கல்யாண நாள்.

காலையில் கல்லங்குறிச்சி கோயிலில் தாலி கட்டியாயிற்று. பந்தியில் அணிக்காரர்கள் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஆட ஐந்து பேர் வேண்டும்; மாப்பிள்ளையை விட்டால் நாலு பேர்தான் தேறுவார்கள்.

"நாங்க பாத்துக்கறோம்டா" என்று செல்லமுத்துவிடம் சொன்னான் அணிக்காரன் பிரசாத். பாயசத்தைத் தொடவேயில்லை.

மணப்பெண் தேவயானி மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, முகம் ஏன் இப்படி இருக்கு? என்னைப் புடிக்கலையா?"

"ஐயோ, அதில்ல. சாயங்காலம் மேட்ச்."

"இதுக்கா? வேன் சும்மாதான நிக்குது, வாங்க போவோம்."

அவள் அப்பா இளையபெருமாள் பதறினார். "பொண்ணு மாப்ள இன்னைக்கு மைதானத்துக்குப் போறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போவட்டும்பா. நீங்களும் வாங்க."

வாழைமரம் கட்டிய வேன் பெரம்பலூர் மைதானத்துக்குள் நுழைந்தபோது எதிரணியே கைதட்டியது. செல்லமுத்து வேனுக்குள்ளேயே பட்டுவேட்டியைக் களைந்து பனியனுக்கு மாறினான். கையில் எதுவும் இருக்கக்கூடாது என்றார் நடுவர். மோதிரத்தைக் கழற்றி தேவயானியிடம் கொடுத்தான். காப்புக் கயிற்றை மட்டும் அவிழ்க்கக்கூடாது என்று பெண்கள் சத்தம் போட, தேவயானி தன் கைக்குட்டையை அதன்மேல் இறுக்கிச் சுற்றினாள். நடுவர் தொட்டுப்பார்த்துத் தலையாட்டினார்.

ஆட்டம் கடைசிவரை இழுபறி. ஒரு புள்ளி பின்தங்கியிருந்த நேரத்தில் செல்லமுத்து பந்தோடு எகிறினான். பெரம்பலூரின் உயரமான பையன் மோத, கீழே விழுந்தான். ஃபவுல் விசில் வரவில்லை. வந்தது, ஆட்டம் முடிந்த விசில்தான்.

மைதானத்துக்குள் முதலில் பாய்ந்தவர் இளையபெருமாள். "எம் மாப்ளையத் தள்ளிவுட்டான் சார்! கண்ணு தெரியலையா?" என்று நடுவர் முன்னால் நின்றார். அன்றுவரை அவர் இந்த ஆட்டத்தையே பார்த்ததில்லை. அவரைச் சமாதானம் செய்து வேனில் ஏற்றுவதற்குள் பெரம்பலூர்க்காரர்கள் கோப்பையோடு படமும் எடுத்து முடித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் பரோட்டாக் கடையில் நிறுத்தினார்கள். முழங்கை சிராய்ப்போடு செல்லமுத்து சொன்னான், "கல்யாணத்தன்னிக்கே நான் தோக்குறத உன்னைப் பாக்க வச்சுட்டேன்."

"தோத்தது கெடக்கட்டும்" என்றாள் தேவயானி, சால்னாவை அவன் பக்கம் நகர்த்தியபடி. "அந்த நெட்டையன் எப்பவும் இடது பக்கந்தான் வரான். நீங்க ஏன் அங்கயே போயி நிக்கிறீங்க?"

வாயில் பரோட்டாவோடு சிரித்த பிரசாத்துக்குப் புரையேறியது. செல்லமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.